பழைய பாய்மரப் படகு வாங்குமுன்



தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெறும் குடும்பத்தின் கைக்குப் பெரிய தொகை என்று ஒன்று வந்து சேர்வது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அதுதான் சேமநிதிப் பணம். மலேசியாவில் 55 வயதானதும் அதை எடுக்கலாம். பணம் வந்த செய்தி சொந்தக்காரர்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். பழைய லாரி இருக்கிறது என்று ஒருவர் வருவார். பங்குக்குக் கடை வைக்கலாம் என்று இன்னொருவர் வருவார். என் அக்காள் வீட்டுக்கு வந்தது ஒரு படகு. அதுவும் மீன்பிடிக்கும் சம்பான் அல்ல. பாய் விரித்து ஓட்டுகிற, உள்ளே இரண்டு பேர் படுத்துறங்கச் சிற்றறை உள்ள, மோட்டார் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லக்கூடிய உல்லாசப் படகு.

தோட்டத்து ஆளுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் அக்காளும் அதைத்தான் கேட்டாள். அத்தான் ஜொகூரில் கூலாய் பக்கத்துத் தோட்டமொன்றில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர். அவர்களுடைய மூத்த மகன் சிங்கப்பூரில் குடியிருந்து வேலை பார்க்கிறான். வேலை இடத்து நண்பர்களோடு போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டவன். கிராஞ்சியில் ஒரு பண்ணை ஓரத்தில் 20 அடிப் படகு ஒன்று விலைக்கு நிற்பதாக அவன்தான் செய்தி கொண்டுவந்தான். விலை 9,000 வெள்ளி. பாதியை மகன் போடுவான், பாதியை அப்பா போட வேண்டும். அத்தானுக்கு ஆசை வந்துவிட்டது. நாற்பது ஆண்டு விடியற்கால இருட்டில் கித்தாக் காட்டுக்குள் நடந்த மனிதர், காற்றோட்டமாகத் தண்ணீரில் போக ஆசைப்பட்டால் அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டு இருந்தவன் என்பதால், "தம்பி, நீ வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லு" என்று என்னை அழைத்தார். போனேன். அக்காளும் கூடவே வந்தாள். அன்றைக்கு நாங்கள் பார்த்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இது எந்த வகைப் படகு என்று தெரிந்துகொள்வோம். பெரிய பாய்மரப் படகுகளுக்கு அடியில் இரும்போ ஈயமோ வைத்த கனத்த அடிக்கட்டை ஒன்று நிலையாக இருக்கும். பாயில் காற்று மோதும்போது படகு கவிழாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் அது பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட படகை நினைத்தபோது வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே சிறிய படகின் நடுவில் ஒரு பிளவு விட்டு, அதன் வழியாகக் கீழே இறக்கவும் மேலே இழுக்கவும் கூடிய ஒரு பலகையை வைத்தார்கள். நடுப்பலகை என்று நாம் சொல்லிக்கொள்வோம். சில படகுகளில் அது மரம், சிலவற்றில் கனத்த இரும்பு. நியூசிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹார்ட்லி என்பவர் 1950-களில் வரைந்த 16 அடிப் பிளைவுட் படகு இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று. அங்கே சாதாரணக் குடும்பத்தார் வரைபடத்தை வாங்கி, வீட்டுக் கொட்டகையில் தாங்களே பலகை அறுத்துக் கட்டிக்கொண்டார்கள். ஆகவே இது பணக்காரர்களுக்கென்றே பிறந்த பொருள் என்று எண்ண வேண்டாம்.

கிராஞ்சிக் கரைக்கு இந்த வகை பொருந்தும். கிராஞ்சி ஆற்றின் வாயை 1975-ம் ஆண்டில் அணை கட்டி அடைத்தார்கள். அணைக்கு உட்புறம் நீர்த்தேக்கம், வெளிப்புறம் உப்புத் தண்ணீர். அதுதான் ஜொகூர் நீரிணை. கரை நெடுகச் சேறு. வற்று நேரத்தில் சுங்கை பூலோ பக்கம் போனால், காலையில் கடலாக இருந்த இடத்தில் பறவைகள் நடந்து இரை பொறுக்குவதைப் பார்க்கலாம். ஒரு நாளில் இரண்டு முறை தண்ணீர் ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு சில நாள்களில் மூன்று மீட்டரை எட்டும். நேரம் பாராமல் போனவன் திரும்பி வரும்போது படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். நடுப்பலகையை மேலே இழுத்துக்கொள்ளும் படகு முழங்கால் தண்ணீரிலும் நகரும்.

நம் தோட்டத்து மக்களுக்கு இந்தக் கரை அந்நியமும் அல்ல. லிம் சூ காங்கில் கேஷின் குடும்பத்தாரின் ரப்பர் தோட்டத்துச் சரக்கை ஏற்றி அனுப்புவதற்காகச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய துறைமேடை ஒன்று உண்டு. கித்தாப் பால் வெட்டிய கைகள் எத்தனையோ பேருடையவை அந்தத் துறையில் முடிந்த வேலையில் இருக்கின்றன. ஆனால் இது எல்லாப் பக்கமும் திறந்த கடல் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். கிழக்கே போனால் ஜொகூர் பாலம் குறுக்கே நிற்கும். 1924-ம் ஆண்டில் முறைப்படி திறந்த அந்தப் பாலம் உண்மையில் கடலில் கல் கொட்டி எழுப்பிய கரை. படகுகள் கடக்க முன்பு ஒரு மதகு வழி இருந்தது. 1942-ல் போரில் அது பாழாயிற்று. பிறகு அந்த வழி திரும்பவில்லை. எனவே கிராஞ்சியில் இறக்கிய படகு தண்ணீர் வழியாகச் செம்பவாங் போக வேண்டுமானால் மேற்கே துவாஸ் முனையைச் சுற்றித் தீவையே வலம் வர வேண்டும். நீரிணையின் நடுவில் நாட்டு எல்லை ஓடுகிறது. காற்று இழுத்தது என்று அக்கரைக்குப் போய்விட்டால் அது வேறொரு நாட்டில் நுழைந்ததாகும்.

இன்னொன்று காற்று. இந்த நீரிணையில் பெரும்பாலும் மெல்லிய காற்றுதான். ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில் "சுமத்ரா" என்று கடலோடிகள் சொல்லும் புயற்காற்று மேற்கேயிருந்து வரும். இரவில் மலாக்கா நீரிணைப் பக்கம் திரண்டு, விடியலிலோ காலையிலோ கறுத்த வரிசையாக வந்து அடிக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்று, அதன் பின்னால் கொட்டும் மழை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் எந்தப் படகில் இருக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத்தானே வாங்குகிறோம்? மகனிடம் இதைச் சொன்னேன். அவனுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் விலைக்கு நிற்கும் படகைப் பார்க்கும்போது யாருக்கும் அந்தக் காற்று நினைவுக்கு வருவதில்லை.

சரி, படகுக்கு வருவோம். மா மரத்தடியில் டிரெய்லர் மேல் நின்றது. வெள்ளை வெளேரென்று புதுப் பெயிண்ட், நீலக் கோடு. அத்தான் முகம் மலர்ந்துவிட்டது. உரிமையாளர் வயதான மனிதர், மரியாதையாகப் பேசினார், மறைக்கவும் இல்லை. முதுகு வலியால் விற்பதாகச் சொன்னார். விற்பவர் நல்லவராக இருந்தால் பொருளும் நல்லது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவருக்கே தெரியாத கோளாறு பெயிண்டுக்கு அடியில் இருக்கலாம் அல்லவா?

நான் உள்ளே ஏறுவதற்குள் அக்காள் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அணியத்துக்கு அருகே நின்று, கன்னத்தைப் படகோடு ஒட்டினாற்போல் வைத்து வெயிலின் பக்கமாகப் பார்த்தாள். "தம்பி, இங்கே வந்து பாரு. காயம் ஆறின பட்டை மாதிரி இருக்கு" என்றாள். பால்மரத்தில் கத்தி ஆழமாகப் போய்விட்டால் மரத்தில் காயம் பட்டு, பிறகு வளரும் பட்டை மேடும் பள்ளமுமாக வரும் என்பது பால் வெட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எதிரே நின்று பார்த்தால் தெரியாது, சாய்ந்து பார்த்தால் தெரியும். அந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மேற்பரப்பு அலை அலையாக இருந்தது. எதிலோ மோதி, ஒட்டுப் போட்டு, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒட்டுப் போடுவது தவறல்ல. நன்றாகப் போட்ட ஒட்டு பழைய இடத்தைவிட உறுதியாகவே இருக்கும். உள்பக்கமும் அந்த இடத்தைப் பார்த்தால்தான் எப்படிப் போட்டார்கள் என்பது தெரியும். கேட்டதும் உரிமையாளர் ஒப்புக்கொண்டார், தமக்கு முந்திய ஆள் செய்தது என்றார்.

பிறகு தட்டிப் பார்த்தோம். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது சுண்டிப் பார்க்காமல் எந்தப் பெண்ணாவது வாங்குவாளா? படகுக்கும் அதே சோதனைதான். இந்தக் காலத்துச் சிறுபடகுகள் பெரும்பாலும் பைபரால் ஆனவை, அதாவது கண்ணாடி இழையில் பிசின் ஊற்றி இறுக வைத்தவை. மேல்தளத்தில் மட்டும் கனம் குறையவும் விறைப்பு கூடவும் இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். மேல்தளத்தில் திருகி வைத்த ஒவ்வொரு ஆணித்துளையும் மழைத் தண்ணீருக்கு ஒரு வாசல். ஆணியைச் சுற்றிப் போட்ட பசை காய்ந்து வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்கி, நடுவில் இருக்கும் மரத்தை ஊற வைத்து உளுக்கச் செய்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. இருபது காசு நாணயத்தின் விளிம்பால் ஒரு விரற்கடைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்று தெளிவாகக் கேட்கும். கெட்ட இடத்தில் 'தொப் தொப்' என்று அடைத்துக்கொள்ளும். பாய்மரத்தின் காலடியிலிருந்து இருக்கை வரை அந்தப் படகு தொப்பென்றே பேசியது. அத்தான் அதன்மேல் ஏறி நின்றபோது தளம் இலேசாக அமுங்கி எழுந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடிப்பக்கத்தில் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்தோம். ஆண்டுக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் பைபர் படகில் அவை வரும். டிரெய்லரில் நிற்கும் படகில் குறைவு. இதில் இல்லை. உள்ளே தரைப்பலகையைத் தூக்கினோம். தண்ணீர் நின்ற அழுக்குக் கோடு பக்கச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குத் தெரிந்தது. ஒரு சமயம் படகு நிறையத் தண்ணீர் நின்றிருக்கிறது. மழைத் தண்ணீராகவும் இருக்கலாம். மூடியே வைத்திருந்த சிற்றறையில் ஈரச் சாக்கு நாற்றம். மூக்கும் ஒரு கருவிதான், அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம்.

பெயிண்டைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்ல வேண்டும். பழையதுதான் மோசம், புதியது நல்லது என்பதும் சரியல்ல. 2004-ம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மீனவர்களுக்குக் கொடுப்பதற்காக ஆயிரக்கணக்கில் பைபர் படகுகளை அவசரம் அவசரமாகக் கட்டினார்கள். அனுபவமில்லாதவர்களும் பட்டறை திறந்தார்கள். பிசின் சரியாக ஊறாமலும் இழை போதாமலும் வந்த படகுகள் பல, பார்வைக்குப் பளபளப்பாக இருந்தும் கடலுக்குத் தகுதியற்றவையாகப் போயின. நல்ல மனத்தோடு கொடுத்த படகுகள்தான் அவை.

அடுத்து நடுப்பலகை. இங்கேதான் டிரெய்லரில் நிற்கும் படகு நம்மை ஏமாற்றும். பலகை முழுவதும் மேலே இழுத்து உறைக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கீழே இறக்கிக் காட்டச் சொன்னால், டிரெய்லர் சட்டம் தடுக்கிறது என்பார்கள். உண்மைதான். அதனால் பார்க்காமல் விட்டுவிடலாமா? படகைக் கயிற்றில் தூக்கியோ, தண்ணீரில் இறக்கியோ பார்த்தே ஆக வேண்டும். பலகை ஓர் அச்சாணியில் தொங்கிச் சுழல்கிறது. அந்த ஆணி தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருந்தால் பலகை ஆடும், அங்கேயே தண்ணீரும் கசியும். பலகையைத் தூக்கும் கம்பிக் கயிறு உப்பில் அரித்திருந்தால் நட்டநடு நீரில் அறுந்து பலகை திடீரென்று விழும். கனத்த இரும்புப் பலகை விழும் வேகத்தில் உறையையே உடைத்துவிடும். இந்தப் படகில் கயிறு புதிது. ஆணியைப் பார்க்க முடியவில்லை.

பாய்மரத்தை மூன்று பக்கமும் இழுத்துப் பிடிப்பவை துருப்பிடிக்காத எஃகுக் கம்பிக் கயிறுகள். பெயர்தான் துருப்பிடிக்காதது. வெப்பமும் உப்பும் சேர்ந்த நம் கடற்கரையில், கம்பி முடியும் இடத்தில் அழுத்தியிருக்கும் குழாய்க்குள் தண்ணீர் நின்று உள்ளிருந்தே அரிக்கும். குழாயில் மயிரிழை வெடிப்பும் பழுப்புக் கறையும் தெரிந்தால் கம்பியை மாற்ற வேண்டியதுதான். ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கம்பி நெடுகத் தடவிக்கொண்டு போங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியைப் பிடித்துக்கொள்ளும். கையால் தடவ வேண்டாம், கிழித்துவிடும். எங்கள் துணி இரண்டு இடத்தில் மாட்டியது.

பாய்மரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிரெய்லர் படகில் மரத்தைப் படுக்க வைத்து எடுத்துப் போய், கரையில் நிமிர்த்துவார்கள். அது இந்தக் காலத்தில் அலுமினியக் குழாய். நிமிர்த்துமுன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்க வேண்டும். நிமிர்த்திய பிறகு வண்டியை நகர்த்தும்போதும் பார்க்க வேண்டும். உலகின் பல இடங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான்.

பாயைப் புல்தரையில் விரித்தோம். துணி வெயிலில் சாகும். தையல் துணிக்கு முன்னாலேயே சாகும். தையல் நூலை நகத்தால் சுரண்டினால் நல்ல நூல் தாங்கும், செத்த நூல் பொடியாக உதிரும். உதிர்ந்தது. துணி பரவாயில்லை என்பதால் மறுபடி தைத்து ஓட்டலாம், ஆனால் அதற்கும் காசு.

இயந்திரத்தை நான் கடைசியாகப் பார்ப்பதில்லை, வந்தவுடன் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிடுவேன். நாம் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் எளிதில் கிளம்பாத இயந்திரமும் நமக்கு முன் எளிதில் கிளம்பும். இது குளிர்ந்துதான் இருந்தது. தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி ஓட்டியபோது மூன்றாம் இழுப்பில் கிளம்பியது. பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பீச்சியது. அது நின்றால் இயந்திரம் வெந்துபோகும். பிறகு கீழ்ப்பெட்டி எண்ணெயை ஒரு துளி எடுத்துப் பார்த்தோம். எண்ணெய் எண்ணெயாகத் தெளிந்து இருக்க வேண்டும். தே தாரிக் போலப் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். நல்ல வேளை, தெளிவாக இருந்தது. அந்தப் படகில் எனக்கு முழுத் திருப்தி தந்த ஒரே பொருள் அந்த இயந்திரம்தான்.

டிரெய்லரை யாரும் பார்ப்பதில்லை. படகு வாங்குகிறோம், வண்டியையா வாங்குகிறோம் என்ற நினைப்பு. ஆனால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் முன்பே சாலையில் மற்றவர் உயிருக்கு ஆபத்து வருவது இதனால்தான். ஓடி வந்த சக்கரத்தின் அச்சுமுனை சூடாக இருக்கும். அதை அப்படியே உப்புத் தண்ணீரில் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, பேரிங் துருப்பிடித்து, ஒருநாள் நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று ஓடும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியால் தூக்கிக் கையால் சுற்றிக் கேளுங்கள். மாவு அரைக்கும் கல் போல் கரகரத்தால் பேரிங் போய்விட்டது. டயர் தேயாமல் புதிது போலத் தெரியும், ஏனென்றால் வண்டி ஓடுவதே இல்லை. நின்றபடியே வெயிலில் காய்ந்து பக்கச்சுவர் வெடித்திருக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 1215 என்று இருந்தால் 2015-ம் ஆண்டின் 12-வது வாரத்தில் செய்தது. எந்தக் கடைக்காரரும் சொல்லாமலே வயது தெரிந்துகொள்ளலாம். சட்டத்தின் உட்புறத் துருவைச் சிறு திருப்புளியால் குத்திப் பாருங்கள். எடையையும் கூட்டுங்கள். படகு 700 கிலோ என்று காகிதத்தில் இருந்தால், இயந்திரம், பெட்ரோல், நங்கூரம், பாய், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தொடும். மருமகனின் சிறிய கார் அதை இழுக்குமா என்பதைக் காரின் கையேட்டில் பார்க்க வேண்டும், மருமகனைக் கேட்கக் கூடாது.

உள்ளே இருக்கைகளுக்கு அடியில் மிதப்புக்காக நுரைக்கட்டி வைத்திருக்கிறதா என்றும் பார்த்தோம். தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்கக் கூடாது என்பதற்காக அது. நம் கடற்கரைக் கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது, அதன் கட்டைகளே மிதப்பு. வெப் சைல்ஸ் என்ற அமெரிக்கர் 18 அடித் திறந்த படகொன்றில் 1978-ம் ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து தனியாகப் புறப்பட்டார். 1980-ல் பசிபிக் கடலில் படகு குப்புறப் புரண்டு தண்ணீர் நிறைந்துபோனது. ஆனாலும் அது மூழ்கவில்லை. சுமார் இரண்டு வாரம் மிதந்து, இன்று வனுவாட்டு எனப்படும் தீவுகளில் கரை சேர்ந்தார். இவ்வளவு துணிச்சல் நமக்கு வேண்டாம். ஆனால் அந்த நுரை வேண்டும். இந்தப் படகில் ஒரு பக்கத்து நுரையை எடுத்துவிட்டு, சாமான் வைக்கும் பெட்டியாக்கியிருந்தார்கள்.

மதியம் பண்ணைக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே கணக்குப் போட்டோம். அக்காள் தோட்டத்தில் பல ஆண்டு சீட்டு நடத்தியவள், கைப்பையில் நோட்டுப் புத்தகம் எப்போதும் இருக்கும். அடுக்குமாடி வீட்டின் கீழே படகு நிறுத்த இடமில்லை. பண்ணைக்காரர் இடவாடகை மாதம் 150 வெள்ளி கேட்டார். ஆண்டுக்கு 1,800. அக்காள் பென்சிலை வைத்துவிட்டு, "அஞ்சு வருஷத்துக்கு ஒன்பதாயிரம். படகு விலையே அதுதானே?" என்றாள். அத்தான் அதுவரை வாடகையைப் பற்றி நினைத்தே பார்த்திருக்கவில்லை. அதற்கு மேல் காப்புறுதி உண்டு, உரிமக் கட்டணம் உண்டு. சிங்கப்பூரில் உல்லாசப் படகுக்கு கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். இயந்திரம் பூட்டிய படகை ஓட்டுகிறவரிடம் அதற்கான ஓட்டுநர் உரிமமும் வேண்டும். படகின் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, விற்பவர்தான் அந்த ஆளா, இயந்திரத்தின் எண் காகிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா, டிரெய்லருக்குப் பதிவு இருக்கிறதா என்பவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மலேசியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் சுங்கத் துறையையும் அங்குள்ள கடல்துறையையும் முதலில் கேட்க வேண்டும். பிடித்த மீனை விற்கும் எண்ணமிருந்தால் மீன்வளத் துறையின் உரிமமும் வேண்டும்.

பழுது பார்க்கும் செலவை நான் மதிப்பிட்டேன். மேல்தளத்துக்கு 3,500, கம்பிகளுக்கு 1,200, பாய்க்கு 1,500, டிரெய்லருக்கு 600. மொத்தம் 6,800 வெள்ளி. பார்க்க முடியாத அச்சாணியைச் சேர்க்கவில்லை. நாங்கள் கண்டதை உரிமையாளரிடம் மறைக்காமல் சொன்னோம். அவர் நாணயத்தை வாங்கித் தாமே தட்டிப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு 5,000-க்குத் தருகிறேன் என்றார். அத்தான் முகத்தில் மறுபடி வெளிச்சம். நாலாயிரம் குறைந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அக்காள் நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். ஐயாயிரமும் ஆறாயிரத்து எண்ணூறும் சேர்ந்தால் 11,800. முதலில் கேட்ட விலையைவிட அதிகம்.

அன்று திரும்பும் வழியில் அத்தான் யாரோடும் பேசவில்லை. இரண்டு வாரம் அக்காளோடும் சரியாகப் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். "உன்னைக் கூப்பிட்டதே தப்பு தம்பி" என்று என்னிடம் நேராகவே சொன்னார். எனக்கும் வருத்தம்தான். மகன் இன்னும் நான்கு படகுகளைப் பார்த்தான். அதில் ஒன்று விலை அதிகம் என்பதால், படகு மதிப்பிடும் தொழில்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் பார்த்தார்கள், அவரும் வேண்டாம் என்றார். அந்தக் கூலி வீண் போனதாக மகன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கிடைத்தது 14 அடிப் படகு. சிற்றறை கிடையாது. வெயிலில் வெளுத்த பச்சை நிறம், பார்க்க அழகில்லை. தட்டிய இடமெல்லாம் தெளிவாகப் பேசியது. உரிமையாளர் தாமே தண்ணீரில் இறக்கி, நடுப்பலகையை இறக்கியும் ஏற்றியும் காட்டி, பணம் எதுவும் வாங்குமுன் மகனை ஒரு மணி நேரம் ஓட்டவிட்டார். கரைக்கு வந்து தரைப்பலகையைத் தூக்கினோம். உள்ளே ஒரு கைப்பிடித் துணியில் துடைத்தெடுக்கும் அளவுக்குத்தான் தண்ணீர். விலை 3,200 வெள்ளி. சிறியது என்பதால் இடவாடகையும் பாதி. சேமநிதியில் மீதிப் பணம் அக்காள் பெயரில் இருக்கிறது.

இப்போது இரண்டு வருஷமாகிறது. மேற்கே வானம் கறுத்தால் அத்தான்தான் முதலில் திரும்பச் சொல்வாராம். அக்காள் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு தடவை போனாள், மூன்றாம் தடவை வெயில் அதிகம் என்று கரையிலேயே இருந்துவிட்டாள். சென்ற மாதம் நான் போயிருந்தபோது டிரெய்லரின் இடது சக்கரம் கரகரத்தது. அத்தான் கேட்டுவிட்டு, பேரிங்கை வாங்கிவந்து தாமே மாற்றினார்.